மூளை மெஷினும் ஏலக்காய் வாசனையும்

786

உதகமண்டலம், மெயின் பஜார்
15-8-1946

மச்சான் அவர்களுக்கு முனவ்வரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நலமா என்று தொடங்கத்தான் பேனாவைத் தொட்டேன். நீங்கள் நலமாக இல்லை என்பது எனக்கு முன்பே குன்னூரிலிருந்து ஊட்டி பஜார் வரை தெரிந்திருக்கும்போது அந்தக் கேள்வி எதற்கு?

நேற்று நோன்பு திறக்கும் நேரத்துக்கு ஹபீப் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். அத்தா கஞ்சிக் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் சொல்லிவிட்டார். "மாப்பிள்ளை ஃபேக்டரியில என்ஜினுக்குப் பக்கத்துல விழுந்துட்டாருங்க அத்தா. எஸ்டேட் துரை எங்க ஆஸ்பத்திரிக்கே அனுப்பிட்டாரு. தலையில கம்பி ஒட்டி மெஷின்ல பாத்தாங்க. காக்கா வலிப்பா இருக்கும்னு டாக்டர் துரை சொல்றாருங்க." அம்மா கையிலிருந்த பேரீச்சம்பழத் தட்டு தரையில் விழுந்தது.

யுத்தத்துக்காகக் குன்னூருக்கு வெளியே போட்ட அந்த ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் என் அண்ணன். டாக்டர் துரைக்குத் தமிழை இங்கிலீஷாக்கிச் சொல்பவரும் அவர்தான். அங்கே போய்ப் படுத்துக் கிடந்தால் எனக்குத் தெரியாமல் போகும் என்று எப்படி நினைத்தீர்கள்? எஸ்டேட்டுக்குத் திரும்பிய பிறகும் ஒரு கார்டு இல்லை. ஏழாம் மாதத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வந்தவள்தானே, இவளுக்கு என்ன தெரியவேண்டும் என்று விட்டுவிட்டீர்களா?

மறைத்தது விழுந்ததை மட்டும்தானா, இல்லை கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருந்த நோயையா? இதைத்தான் அத்தா என்னிடம் கேட்கிறார். "பெருநாள் கழியட்டும். நோயை மறைச்சுக் கட்டிக்கிட்டவன் ஊட்டுக்கு இனி எம் பொண்ணு போகமாட்டா. ஜமாஅத்துல பேசி விடுதலை வாங்கிக்கறேன்" என்கிறார். அம்மா என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே, "பிள்ளைக்கும் வருமா?" என்கிறாள். எனக்கு என்ன தெரியும்?

உண்மையை எழுதுங்கள். அழுதுகொண்டே எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கிறது.

முனவ்வரா


786

கருங்கல் ஓடை எஸ்டேட், நடுவட்டம் வழி
18-8-1946

முனவ்வராவுக்கு நூருல்லா எழுதுவது. வ அலைக்குமுஸ்ஸலாம்.

உன் கடிதத்தில் சலாம் ஒன்றுதான் நல்ல வார்த்தை.

நான் ஏன் எழுதவில்லை என்று கேட்கிறாய். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளிடம் "விழுந்தேன்" என்று எழுதலாமா என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் உன் அண்ணன் பஸ் ஏறிவிட்டார். மச்சினனுக்குக் கஷ்டம் என்றால் முதலில் மச்சினனிடம் பேசுவதுதானே முறை? கழுகுக்கு மூக்கில் வேர்த்த மாதிரி உன் அத்தாவிடம் ஓடியிருக்கிறார்.

நடந்தது இதுதான். மழை விட்ட இரண்டு நாளில் தேயிலை குவிந்துவிட்டது. ஃபேக்டரி இடைவெளி இல்லாமல் ஓடியது. இலை உலர்த்தும் டிரையர் சூட்டில் நோன்போடு நின்றேன். மூன்று மணிக்கு மேல் கண் இருட்டிச் சரிந்தேன். என்ஜின் பெல்ட் என் சட்டையைப் பிடிப்பதற்குள், எனக்கு உதவிக்கு நிற்கும் வெள்ளியங்கிரி காலரைப் பிடித்து இழுத்துவிட்டான். உயிரைக் காப்பாற்றினான், மறுக்கவில்லை. ஆனால் துரையிடம் போய், "கை கால் வெட்டி வெட்டி இழுத்துச்சுங்க" என்றதும் அவன்தான். இப்போது என் என்ஜினை ஓட்டுவதும் அவன்தான். எண்ணிப் பார்.

அந்த மெஷினைப் பற்றியும் சொல்கிறேன், கேள். நாற்காலியில் உட்காரவைத்து, மயிரை விலக்கி, வெள்ளிப் பொத்தான்களைப் பசை போட்டுத் தலையில் ஒட்டினார்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கம்பி. கண்ணை மூடச் சொன்னார்கள். பக்கத்தில் ஒரு பெட்டியிலே காகிதம் ஓடிக்கொண்டே இருக்க, பேனா முட்கள் தாமாகவே கோடு கிறுக்குகின்றன. என்னுடைய மூளையில் ஓடும் மின்சாரமாம் அது! நான் ஓட்டும் என்ஜினில் இருப்பது எண்ணெயும் நெருப்பும். என் தலைக்குள் மின்சாரம் ஓடுவது எனக்கே அன்றுதான் தெரியும்.

டாக்டர் துரை கேட்டார், உன் அண்ணன் தமிழில் சொன்னார். சின்ன வயதில் வலிப்பு உண்டா, வீட்டில் யாருக்காவது உண்டா, கள் சாராயம் உண்டா, பீடி சிகரெட் உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். கோடுகள் மந்தமாக இருக்கின்றன, பாதித் தூக்கத்தில் இருப்பவனுடையதைப் போல் என்றார் டாக்டர். நோன்புப் பட்டினியாக இருக்குமோ என்று அவருக்கே சந்தேகம் வந்து, என்னை வார்டில் வைத்துக்கொண்டு, மறுநாள் நோன்பு திறந்து வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு மறுபடி எடுத்தார். அப்போதும் அதே மந்தம். அதனால்தான் வலிப்பு என்கிறார். கஞ்சி குடித்தும் தலைக்கனம் போகவில்லை, கை நடுங்கிற்று, யார் பேசினாலும் எரிச்சல் வந்தது. அது மட்டும் உண்மை.

இப்போது இலை வாட்டும் மாடியில் கூட்டிப் பெருக்குகிறேன். பெருநாள் கழிந்து டாக்டர் இன்னொரு முறை பார்ப்பாராம். அப்போதும் கோடு மந்தமாக இருந்தால் வேலையும் இல்லை, எஸ்டேட் வீடும் இல்லை என்று துரை சொல்லிவிட்டார். வலிப்புக்காரனை வேறு எந்த ஃபேக்டரி என்ஜினில் ஏற்றுவான்?

எனக்கு ஒருநாளும் வலிப்பு வந்ததில்லை. என்னோடு ஒரு வருஷம் ஒரே பாயில் படுத்தவள் நீ. நீ பார்க்காத நோயை ஒரு பேனா முள் பார்த்துவிட்டதா? மெஷினை நம்புகிறாய், என்னை நம்பவில்லை.

நூருல்லா


786

உதகமண்டலம்
22-8-1946

மச்சான் அவர்களுக்கு,

கடிதத்தைப் பலமுறை படித்தேன். அம்மா, "படிச்சுப் படிச்சுத் தேஞ்சுபோகும்டி" என்றாள். தேயட்டும்.

வலிப்பு வந்ததில்லை என்கிறீர்கள். நானும் பார்த்ததில்லை, அல்லாஹ் அறிய அது உண்மை. அத்தாவிடமும் அதைச் சொன்னேன். "உனக்குத் தெரியாம விழுந்திருப்பான்" என்றார். ஆனால் உங்கள் கடிதத்தில் வேறொன்று என் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது.

கஞ்சி குடித்தும் தெளியவில்லை, எரிச்சலாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். போன வருஷ நோன்பை நான் உங்களோடுதான் அந்த எஸ்டேட் வீட்டில் கழித்தேன். மத்தியானத்துக்கு மேல் உங்களிடம் வாய் கொடுக்க முடியாது. தண்ணீர்க் குடத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாலே முகம் சுளிப்பீர்கள். நோன்பு திறந்து கஞ்சி குடித்த பிறகும் உம்மென்றுதான் இருப்பீர்கள். பிறகு, "என்ஜினைப் பாத்துட்டு வந்தர்றேன்" என்று செருப்பை மாட்டுவீர்கள். திரும்பி வரும்போது வேறு ஆள்! முகத்தில் வெளிச்சம். பேச்சில் சிரிப்பு. வாயில் ஏலக்காய் வாசனை.

ஃபேக்டரி ஓடாத நாளிலும் என்ஜினைப் பார்க்கப் போனீர்களே, நின்றுபோன என்ஜினில் என்ன பார்ப்பீர்கள்? அப்போது கேட்கவில்லை. புதுப் பெண், கேட்கத் தெரியவில்லை. இப்போது கேட்கிறேன். கஞ்சியில் வராத தெளிவு எங்கே போனால் வந்தது? ஏலக்காய் மென்று வாய் மணக்க வந்தது எதை மறைக்க? ஃபேக்டரிக்குப் போகிற வழியில்தானே கூலிக்காரர்களின் லைன் வீடுகள். அந்த முதல் வீட்டு ஞானசுந்தரி என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பாளே, எதற்குச் சிரித்தாள்?

நோய் என்றால் அல்லாஹ் கொடுத்தது, நான் அத்தா காலில் விழுந்தாவது உங்களோடு வருவேன். இது நோய் இல்லை என்றால் ஜமாஅத் வேண்டாம், நானே முடித்துக்கொள்கிறேன்.

பதில் வரும்வரை எனக்குத் தூக்கம் இல்லை.

முனவ்வரா


786

கருங்கல் ஓடை
25-8-1946

முனவ்வரா,

ஞானசுந்தரிக்கு என் தாய் வயது. அவளுக்கு முன்பல் இரண்டு வெளியே நீண்டிருக்கும், எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிற மாதிரிதான் இருக்கும். இதைக்கூடப் பார்க்காமலா பழி போட்டாய்?

குர்ஆன் மேல் கை வைத்துச் சொல்கிறேன், பெண் கிடையாது. எந்தப் பெண்ணும் கிடையாது. நோன்பு மாதத்தில் பொய்ச் சத்தியம் செய்கிற அளவுக்கு நான் கெட்டுப்போகவில்லை.

ஏலக்காய் ஜீரணத்துக்கு என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டேன், அடித்தது உனக்குத் தெரியும், மை ஊறியிருக்கிறது. ஏலக்காய்க்கு ஒரு காரணம் இருக்கிறது. அது பெண் இல்லை. அது மட்டும் போதும் என்று விட்டுவிடு. எல்லாவற்றையும் தோண்டினால் கிணறு வருமா பூதம் வருமா என்று யாருக்குத் தெரியும்.

பெருநாளுக்கு லீவு கேட்டேன். "உன்னை வைத்திருப்பதே தயவு" என்கிற மாதிரி ஹெட்கிளார்க் பார்த்தார். வரமாட்டேன். வந்தாலும் உன் அத்தா வாசலில் நிற்கவைப்பார். பஸ் டிரைவரிடம் மெல்லிய வாயில் துணிச் சேலை ஒன்று கொடுத்தனுப்பியிருக்கிறேன். உனக்குப் பிடித்த ஊதா நிறம். பிடிக்காவிட்டால் கிழித்துத் தொட்டிலுக்குப் போட்டுக்கொள்.

வெள்ளியங்கிரி நேற்று வந்து, "ஏனுங்க, டாக்டர் மறுக்கா எப்பப் பாக்கறாரு?" என்று கேட்டான். அக்கறையா, ஆசையா என்று அவன் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போதெல்லாம் யார் நலம் கேட்டாலும் எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது. நீ கேட்டாலும்.

நூருல்லா


786

உதகமண்டலம்
30-8-1946

மச்சான் அவர்களுக்கு, பெருநாள் சலாம்.

சேலை கட்டினேன். நிறம் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அதற்காக உங்களை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

குட்டு உடைந்துவிட்டது மச்சான். உங்களுடையது மட்டும் இல்லை.

பெருநாள் தொழுகைக்கு ஹபீப் அண்ணன் முன்னால் புறப்பட்டுப் போய், அத்தாவோடு திரும்பி வந்தார். வந்து என்னிடம், "நல்லா இருக்கியா புள்ள" என்று குனிந்தார். ஏலக்காய்! அதே வாசனை. என் அண்ணன் மனைவியை இழந்த பிறகு எந்தப் பெண்ணையும் ஏறெடுத்துப் பார்க்காதவர். அவர் எதை மறைக்க ஏலக்காய் மெல்கிறார்? அவர் கோட்டைத் துடைத்து மாட்டுகிற சாக்கில் வாங்கி உள்பையில் கை விட்டேன். பட்டாளத்துச் சிகரெட் டின்.

அவரைக் கொல்லைப் பக்கம் கூப்பிட்டு டின்னைக் காட்டினேன். முகம் வெளிறிவிட்டது. "அத்தாகிட்டச் சொல்லிறாத முனவ்வரா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் கதையும் கூடவே வந்தது. நிக்காஹுக்கு முதல் நாள் சாயந்திரம் மார்க்கெட்டுக்குப் பின்னால் நீங்கள் இருவரும் சேர்ந்து ஊதியது, வாசனைக்கு ஏலக்காய் சொல்லிக்கொடுத்தது அவர் என்பது, எல்லாம்.

அத்தா கடையில் சிகரெட் விற்பார், துரைமார்களுக்கும் சிப்பாய்களுக்கும். ஆனால் ஒரு பீடித் துண்டால் பழைய கடை சரக்கு மூட்டைகளோடு எரிந்ததிலிருந்து வீட்டில் யாரும் நெருப்பை வாயில் வைக்கக் கூடாது. அதனால்தானே உங்களிடம் நிக்காஹ் சபையில் கேட்டார். சபையில் நீங்களும் சொன்னீர்களே, "புகையைத் தொடமாட்டேன்" என்று. முதல் நாள் ஊதிய வாயால்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேட்டிருக்கிறேன், நீங்கள் ஒரு வருஷமாக என் மூக்குக்குக் கீழேயே மறைத்திருக்கிறீர்கள்.

கோபத்தில் எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்பு வந்தது. நான் உங்களை ஒரு பெண்ணோடு சேர்த்துவைத்துப் ஒரு வாரம் வெந்தேனே.

அதன் பிறகுதான் இன்னொன்று புத்தியில் பட்டது. பொறுமையாகப் படியுங்கள். எஸ்டேட்டில் நோன்பு திறந்தால் உங்களுக்குக் கஞ்சியும் உண்டு, சிகரெட்டும் உண்டு, தெளிந்துவிடுவீர்கள். ஆஸ்பத்திரியில் கஞ்சி இருந்தது. சிகரெட் இல்லை. வார்டில் மற்ற நோயாளிகள் பார்க்க ஊத முடியாதே, அது பஜாருக்கு வந்துவிடுமே. பட்டினியை டாக்டர் கழித்துப் பார்த்துவிட்டார். சிகரெட்டைக் கழித்துப் பார்க்க அவருக்கு எப்படித் தெரியும்? இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள், இல்லை என்று அண்ணன் இங்கிலீஷில் சொன்னார். பொய் என்று இருவருக்கும் தெரியும்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த மந்தம் நோயாக இருக்காது என்று என் மனம் சொல்கிறது. டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். சொன்னால் அத்தாவுக்குத் தெரியும், அதைத் தடுக்க முடியாது. வலிப்புக்காரன் என்று பெயர் வாங்குவதா, பொய்யன் என்று பெயர் வாங்குவதா, நீங்களே முடிவு செய்யுங்கள்.

முனவ்வரா


786

கருங்கல் ஓடை
2-9-1946

முனவ்வராவுக்கு,

தலைகுனிந்து எழுதுகிறேன். ஏலக்காயைப் பற்றி நீ எழுதியது எல்லாம் நிஜம்.

கல்யாணத்தோடு விட்டுவிடுவேன் என்று நினைத்துத்தான் சபையில் சொன்னேன். மூன்று நாள் விட்டேன். நாலாம் நாள் என்ஜின் சத்தத்தில் தலை வெடிக்கிற மாதிரி இருந்தது. ஒன்று ஊதினேன், என்ஜின் சத்தம் பாட்டாகிவிட்டது. அப்புறம் உன்னிடம் சொல்ல ஒருநாளும் வாய் வரவில்லை. சொல்லாமல் இருக்க இருக்கப் பொய் பெருத்துப்போயிற்று.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இது உன் யோசனைதானா, உன் அத்தாவின் யோசனையா? நோய் என்றால் ஜமாஅத்தில் சிலராவது, "பாவம், அவன் என்ன செய்வான்" என்பார்கள். சபையில் செய்த சத்தியத்தை மீறினான் என்று நானே டாக்டர் முன்னால் வாயால் ஒப்புக்கொண்டால், உன் அத்தாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? எலிப்பொறியில் தேங்காய்த் துண்டு வைக்கிற மாதிரி இருக்கிறது. சிகரெட்டுக்கும் மூளைக் கோட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால் எனக்கு நோயும் மிச்சம், பொய்யும் மிச்சம்.

நான் உண்மையைச் சொன்னால் நீ என்னோடு இருப்பாயா? இதற்கு மட்டும் பதில் எழுது. எழுதினால் போகிறேன்.

நூருல்லா


786

உதகமண்டலம்
5-9-1946

மச்சான்,

பதில் எழுதமாட்டேன். இருப்பேன் என்று எழுதினால் அதற்காக உண்மையைச் சொல்வீர்கள். இருக்கமாட்டேன் என்று எழுதினால் சொல்லமாட்டீர்கள். இரண்டும் எனக்கு வேண்டாம்.

பொறி என்று சந்தேகப்பட்டீர்கள் அல்லவா? சந்தேகப்படுகிற உரிமை இப்போது எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். சரி, பொறியை உடைத்துவிட்டேன். நேற்று நானே அத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அண்ணனின் டின்னையும் சேர்த்து. பூனைக்கு மணி கட்டியாயிற்று.

அத்தா கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை. கடையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "ரெண்டு பேரும் சேந்து ஒண்ணு ஜோடிச்சிருப்பாங்க. இப்ப மெஷின் மேல பழியப் போட்டுத் தப்பிக்கப் பாக்கறாங்க. நான் வர்றேன். எங் கண்ணு முன்னால மெஷின் எழுதட்டும்" என்றார்.

அண்ணன் டாக்டரிடம் சொல்லிவிட்டாராம். டாக்டருக்குக் கோபம் வரவில்லையாம், ஆவல்தான் வந்ததாம். மெஷினில் பார்ப்பதற்கு முதல் நாள் மாலையே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்கிறார், அதுமுதல் ஒரு சிகரெட்டும் கூடாதாம். நன்றாகச் சாப்பிடலாம், தூங்கலாம். காலையில் மெஷின்.

போங்கள். என் வயிற்றில் இருப்பது உதைக்கிறது. அதற்கு ஒரு பதில் தெரியவேண்டும்.

முனவ்வரா


786

கருங்கல் ஓடை
14-9-1946

என் முனவ்வராவுக்கு,

உன் அத்தா வந்து சொல்லியிருப்பார். ஆனாலும் என் வாயால் சொல்லவேண்டும்.

காலையில் வயிறு நிறைய இட்லி சாப்பிட்டேன். தலை மட்டும் ஈரச் சாக்கு மாதிரி கனத்தது. பொத்தான்களை ஒட்டினார்கள். உன் அத்தா தொப்பியைச் சரிசெய்துகொண்டு பேனா முட்களுக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், கடையில் தராசு முள்ளைப் பார்க்கிற மாதிரியே. ஹபீப் மச்சான் சுவரோடு சுவராக நின்றார். பேனாக்கள் கிறுக்கின. டாக்டர் காகிதத்தைத் தூக்கிப் பார்த்து, அதே மந்தம் என்றார். அத்தா என்னைப் பார்த்த பார்வையில் நான் நோயாளியாகவே ஆகிவிட்டேன்.

பிறகு டாக்டர், "இப்போது ஒன்று பிடி" என்றார்.

மாமனாருக்கு முன்னால்! நான் அசையவில்லை. ஹபீப் மச்சான் அதைத் தமிழில் சொல்லவும் இல்லை, அதற்குத் தமிழ் தேவைப்படவில்லை. டாக்டர் சுற்றிப் பார்த்தார். அவர் சுருட்டுக்காரர், அவரிடம் சிகரெட் இல்லை. "யாரிடமாவது உண்டா?" என்று கேட்டார். உன் அத்தா திரும்பாமலே, "ஏன்டா, டாக்டர் கேக்கறாரில்ல? எடுத்துக் குடு" என்றார். உன் அண்ணன் கோட்டுக்குள் கை விட்டு டின்னை எடுத்தார். எடுக்கும்போது ஒரு பிடி ஏலக்காயும் தரையில் சிதறியது. அதைப் பொறுக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் நின்ற கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

பற்றவைத்தேன். அத்தா முகத்தைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். வாழ்க்கையில் அவ்வளவு கசந்த சிகரெட் வேறு கிடையாது. ஆனால் தலைக்கனம் இறங்கியது. டாக்டர் மறுபடி மெஷினை ஓட்டினார். அத்தா குரல்தான் முதலில் கேட்டது: "அட, துடிக்குதே!" கோடுகள் நெருக்கமாக, வேகமாக எழுந்தன. டாக்டர் இரண்டு காகிதத்தையும் பக்கம் பக்கமாக வைத்து, அத்தாவுக்கே விரலால் காட்டினார்.

அவர் சொன்னது இது. தினம் சிகரெட் பிடிக்கிறவனின் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. அது கிடைக்காதபோது மின்சார அலை கொஞ்சம் மந்தமாகிறது, கிடைத்ததும் வேகமெடுக்கிறது. வலிப்பு வந்தவனின் அலை வேறு விதமாகக் கூராக எழும், என் காகிதத்தில் அப்படி எதுவும் இல்லை. விழுந்தேன் என்பதையும் மந்தமாக இருந்தது என்பதையும் சேர்த்துத் தானும் அவசரப்பட்டுவிட்டதாகச் சொன்னார். விழுந்தது சூட்டாலும் பட்டினியாலும் வந்த மயக்கம், அதிலும் சில சமயம் கை கால் வெட்டுமாம். பிள்ளைக்கு நோய் வருமா என்று அத்தாதான் கேட்டார், நான் இல்லை. வராது என்றார்.

வெளியே வராந்தாவில் அத்தா என் பக்கத்தில் வந்து நின்றார். "நோயில்லைங்கறது சந்தோஷம். பொய் சொன்னியே, அதுக்கு எந்த மெஷின் மாப்பிள்ளை?" என்றார். அவ்வளவுதான். பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

டாக்டர் காகிதத்தைத் துரை படித்தார். என்ஜின் என் கைக்கு வந்துவிட்டது. வெள்ளியங்கிரி எண்ணெய்த் துணியை என்னிடம் நீட்டி, "அப்பாடா! இந்தப் பேய் என்ஜினோட இத்தன நாளாப் பயந்து செத்தனுங்க" என்றான். அவன் மேல் நான் பட்ட சந்தேகத்தை அவனிடம் சொல்லவில்லை.

அன்று டாக்டர் மிச்ச டின்னை என் பக்கம் தள்ளினார். நான் எடுக்கவில்லை. விட்டுவிட்டேன் என்று எழுதமாட்டேன், இதை எழுதும்போதும் கை தேடுகிறது, வாய் ஊறுகிறது. இன்று காலையில் தேயிலை மூட்டையைக் காலால் உதைத்தேன். இதுவரை தொடவில்லை. நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்கே நிச்சயம் இல்லை. நம்புவதும் நம்பாததும் உன் விருப்பம்.

வேலை வந்துவிட்டது. வீடு இருக்கிறது. நீ இல்லாத வீட்டில் அடுப்பு மூட்டவே பிடிக்கவில்லை.

நூருல்லா


786

உதகமண்டலம்
19-9-1946

மச்சான்,

அத்தா ஜமாஅத்துக்குப் போகவில்லை. "உன் புருஷன், உன் முடிவு" என்று என் தலையில் கட்டிவிட்டார். அண்ணனுக்குக் கடையில் தண்டனை நடக்கிறது, லீவு நாளெல்லாம் சிகரெட் டின்களைத் துடைத்து அடுக்கவேண்டும், அத்தா எதிரே உட்கார்ந்து பார்ப்பார்.

விட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தால் ஒரு எழுத்தையும் நம்பியிருக்கமாட்டேன். கை தேடுகிறது, வாய் ஊறுகிறது என்று எழுதினீர்கள். ஒரு வருஷத்தில் நீங்கள் எனக்குச் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று தோன்றியது. அதைப் படித்துத்தான் அழுதேன். உங்கள் மேல் எனக்கு ஆசை போகவில்லை மச்சான், அதை மறைத்து நான் என்ன சம்பாதிக்கப் போகிறேன். நம்பிக்கைதான் போயிருக்கிறது. அது ஒரே பஸ்ஸில் திரும்பி வராது.

அடுத்த மாதம் பிள்ளை பிறக்கும். தந்தி வரும். வாருங்கள், அத்தா வாசலில் நிற்கவைக்கமாட்டார், நான் சொல்லிவிட்டேன். பிள்ளை பெற்று நாற்பது நாள் கழிந்ததும் நானும் பிள்ளையும் உங்களோடு வருவோமா என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

தவறி ஒன்று பிடித்துவிட்டு வந்தால் புகை வாசனையோடேயே வாருங்கள். திட்டுவேன், கைகால் கழுவி வரச் சொல்வேன், பிள்ளையைத் தருவேன். ஆனால் வாயில் ஏலக்காய் மணந்தால் பிள்ளையை உங்கள் கையில் தரமாட்டேன். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மெஷின் வேண்டாம், மூக்கு இருக்கிறது.

முனவ்வரா